அக்காவின் இடது கை

மூன்றாம் ஆண்டில் எங்களுக்குப் புதிதாக வந்த ஆசிரியை, முதல் வாரமே கரும்பலகையில் ஒரே ஓர் எழுத்தை எழுதினார். கை. எழுதிவிட்டு விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை உள்ளங்கையிலேயே தேய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இந்த வருஷக் கண்காட்சிக்கு எல்லாருக்கும் இதுதான் தலைப்பு. துணி தைக்கக் கூடாது. பொம்மைக்குச் சட்டை மாட்டக் கூடாது. வேற என்ன வேணும்னாலும் செய்யலாம்."

நாங்கள் படித்தது ஆடை வடிவமைப்பு. திருப்பூரில் அந்தப் படிப்பு இல்லாத கல்லூரி குறைவு. ஒவ்வோர் ஆண்டும் கண்காட்சி என்றால், ஏதாவது கம்பெனி கொடுத்த துணியில் கவுன் தைத்து, அதைப் பொம்மைக்கு மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். துணியே வேண்டாம் என்றதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பின்னால் இருந்த ஒருத்தன், "மேடம், கை இருந்தாத்தானுங்க தைக்க முடியும், இப்பக் கைய மட்டும் வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆசிரியையும் சிரித்தார்.

அடுத்த சில வாரங்களில் ஆளுக்கு ஒரு யோசனையோடு வந்தார்கள். ஊத்துக்குளியிலிருந்து வரும் ஒரு பெண், வெண்ணெயிலேயே ஒரு கையைச் செய்யப்போவதாகச் சொன்னாள். அவள் வீட்டில் வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. மடத்துக்குளத்துப் பையன் ஒருவன், தன் அம்மா போட்டிருந்த கண்ணாடி வளையல்களை மட்டும் கொண்டுவந்து, கையே இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிடப் போவதாகச் சொன்னான். வயலில் வேலை செய்து மூட்டு வீங்கி, அந்த வளையல்கள் இப்போது அவளுக்கு ஏறுவதில்லையாம். இன்னொருத்தன் சாயத்தில் கையை முக்கி, நீளமான காகிதத்தில் அச்சு அச்சாக வைத்துக்கொண்டே போனான். அவன் கை நீலமாகவே வெகுநாள் இருந்தது. பேருந்தில் டிக்கெட் வாங்கும்போதெல்லாம் கண்டக்டர் அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

நான் வார்ப்புகள் செய்வதாக முடிவு செய்தேன். பல் டாக்டர்கள் அச்சு எடுக்கப் பயன்படுத்தும் ஒரு பவுடர் கோயம்புத்தூரில் கிடைக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் வேகமாகக் கலக்கி, ஒரு டப்பாவில் ஊற்றி, அதற்குள் கையை விட்டு ஆடாமல் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். கையை மெதுவாக உருவிக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். காய்ந்த பிறகு ரப்பரைக் கிழித்தால் உள்ளே கை இருக்கும். ரேகை, நகக்கண், பழைய வெட்டுத் தழும்பு எல்லாம் அப்படியே விழும். எங்கள் வீட்டிலும் எங்கள் தெருவிலும் இருப்பவர்களின் கைகளை இப்படி எடுத்து வரிசையாக வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போகாத வீடு இல்லை.

முதலில் அப்பாவின் கையை எடுத்தேன். அப்பா ஒரு கம்பெனியின் வேன் ஓட்டுகிறார். காலையில் சுற்றுக் கிராமங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டுவந்து விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுபோய் இறக்குவார். விரல்களை ஸ்டியரிங் பிடிப்பதுபோல் மடக்கி டப்பாவுக்குள் விட்டவர், அது இறுகும்வரை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா வீட்டிலேயே செக்கிங் வேலை செய்தாள். தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூலை வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. அவள் கத்தரி பிடித்த மாதிரியே கையை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் அடிக்கும் பெண், எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த ஒடிசாக்காரர் என்று நான்கைந்து கைகள் சேர்ந்தன. எங்கள் முன்னறை ஜன்னல் திட்டில் அவற்றைக் காய வைத்திருந்தேன்.

அக்காவிடம் மட்டும் நான் கேட்கவில்லை.

அக்கா என்னைவிட மூத்தவள். பிளஸ் டூ முடித்ததும் அவளை ஒரு கம்பெனிக்கு அழைத்துக்கொண்டு போனது அம்மாதான். அம்மா அப்போது அங்கேயே வேலை பார்த்தாள். குழந்தைகளின் உடைகளுக்கு, ஊசி நூல் இல்லாமல் அழுத்தி மூடும் சின்ன உலோகப் பட்டன் வைப்பார்கள். அந்த ஸ்னாப் பட்டன் மிஷினில் அக்காவை உட்கார வைத்தார்கள். கீழே ஒரு பகுதி, மேலே ஒரு பகுதி, நடுவில் துணி. காலால் மிதித்தால் மேலே இருப்பது இறங்கி ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுப் போகும். துணியை நகர்த்துவது இடது கை. ஒருநாள் மத்தியானம் அந்த இடது கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். சுட்டுவிரலில் சீழ் வைத்து, நடுக்கணுவுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நடுவிரலின் நுனியும் நகமும் போயின.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. அக்கா போனாள். அவளை பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். கம்பெனியில் அவள் கையை யாரும் புதிதாகப் பார்ப்பதில்லை. ஊசி ஏறிய நகமும் தேய்ந்த விரலும் அங்கே நிறைய. வீட்டில்தான் அது மறைந்துகொண்டே போனது. படம் எடுத்தால் அம்மா அக்காவின் இடது பக்கம் வந்து நிற்பாள். கோயிலுக்குப் போனால், "துப்பட்டாவ அந்தக் கைமேல போட்டுக்க அம்மிணி" என்பாள். அந்தக் கையைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் நின்றுபோனது.

நான் கண்காட்சிக்கு வேலை செய்துகொண்டிருந்த சமயத்தில் ஒரு தரகர் அம்மா மூலமாக அக்காவுக்கு ஓர் இடம் அமைந்திருந்தது. அவிநாசிப் பக்கம். மாப்பிள்ளை ஒரு பிரிண்டிங் பட்டறையில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்த அன்று அம்மா அடுப்படியில் அக்காவுக்கு ஒத்திகையே நடத்தினாள். தட்டை எப்படிப் பிடித்தால் இடது விரல்கள் அடியில் போய்விடும் என்று இரண்டு மூன்று முறை பிடித்துக் காட்டினாள். அக்கா அவள் சொன்னபடியே பிடித்துக்கொண்டு போய்க் காப்பி கொடுத்தாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தை பிறந்ததும் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை சில நாட்கள் சாயங்காலத்தில் போன் செய்வார். அக்கா மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாள்.

"அவங்ககிட்டச் சொல்லியாச்சாம்மா?" என்று அக்கா ஒருமுறை கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அதெல்லாஞ் சொல்லியாச்சு. நீ ஏன் அதையே பேசற?" என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். சொன்ன விதத்தில் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் ஓர் ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். நான் முன்னறையில் அப்பாவின் கை வார்ப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஜன்னல் திட்டில் இருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாத்துதும் எடுத்துட்டயா?"

"ஏறக்கொறைய."

"ஏன் புள்ள, என்றகிட்டக் கேக்கவே இல்ல?"

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

"நான் சொல்லுவேன்னா, அம்மா சொல்லும்னா?"

 அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் குளிர்ந்த தண்ணீரும் என் டப்பாவும் கொண்டுவந்தாள். சுடிதார்க் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எடு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். நீ பவுடரக் கலக்கு."

எந்த மாதிரி வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது வேலை செய்வதுபோல் வைத்திருந்தார்கள். அவள் விரல்களை முழுக்க விரித்து, அப்படியே டப்பாவுக்குள் விட்டாள். விரல்கள் பக்கத்தில் இடிக்கக் கூடாது என்று நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அது இறுகும்வரை எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். "ஐஸ் மாதர இருக்குது" என்றாள். பிறகு, "வலிக்குமோன்னு பாத்தேன். வலிக்கல" என்றாள். அந்த விரல் இன்னும் வலிக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அன்று மத்தியானம் ரப்பரைக் கிழித்தபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். முதலில் மணிக்கட்டு வந்தது. பிறகு கட்டைவிரல். சுட்டுவிரல் இருக்கும் பக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்தேன். விரல் வந்துகொண்டே இருக்கும் என்று என் கைக்கு ஏதோ ஒரு நினைப்பு. நடுக்கணு தாண்டியதும் அது நின்றுவிட்டது. மொண்ணையான முனையில் தையல் போட்ட தடம், குறுக்கே ஒரு சின்ன ஏணி மாதிரி. அவள் கையில் அந்தத் தடத்தை நான் அத்தனை தெளிவாகப் பார்த்ததே இல்லை. வெள்ளைப் பிளாஸ்டரில் அது அவ்வளவு கூர்மையாக இருந்தது.  அக்கா குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, டாக்டர் நல்லாத்தான் தெச்சிருக்காரு" என்றாள்.

சாயங்காலம் அம்மா வந்ததும் அக்காவே சொன்னாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊரே வந்து பாக்கறதுக்கா? நிச்சயம் வெச்சிருக்கறப்பவா?"

"கம்பெனில தெனமும் எல்லாரும் பாக்கறாங்கல்லம்மா."

"அது வேற அம்மிணி. இது வேற."

"என்ன வேற?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "உன்னையப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்றாள். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா ஜன்னல் திட்டிலிருந்து அக்காவின் கையை எடுத்து, ஒரு பழைய பனியனில் சுற்றி, அடுப்படிப் பரணில் வைத்தாள். வைக்கும்போது மெதுவாகத்தான் வைத்தாள். எங்கேயும் இடித்துவிடாமல், ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல. அதைப் பார்த்த பிறகு என்னால் அம்மாமேல் கோபப்பட முடியவில்லை.

மறுநாள் காலை நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது அக்கா நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து என் பையில் வைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். 

ஒவ்வொரு கைக்குக் கீழேயும் ஒரு சின்ன அட்டை வைப்பதாக இருந்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கை செய்யும் வேலை மட்டும். வேன். செக்கிங். ஓவர்லாக். அக்காவின் கைக்கு பேக்கிங் என்று எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்னாப் பட்டன்னு எழுது" என்றாள்.

கண்காட்சி தொடங்கிய அன்று நல்ல வெயில். ஹாலில் மின்விசிறிகள் சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. ஊத்துக்குளிப் பெண் வெண்ணெய்க் கையை ஐஸ் பெட்டிமேல் வைத்திருந்தாள். பதினோரு மணிக்குள் விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தோம். அவளோ ஒரு தட்டை அடியில் வைத்துவிட்டு, "உருகட்டும், உருகறதையும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். எறும்பு வந்தது. அதையும் விட்டுவிட்டாள். தொடங்கி வைக்க வந்த ஒரு கம்பெனி முதலாளி அங்கேதான் ரொம்ப நேரம் நின்றார், எந்த ஊர் வெண்ணெய் என்று கேட்டுக்கொண்டு. என் வரிசையைக் கடக்கும்போது அக்காவின் கை வைத்திருந்த இடத்தில் அவர் நடை சற்று வேகமானதுபோல் எனக்குத் தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

மறுநாள் அக்கா வந்தாள். நான் அவளை மட்டும்தான் எதிர்பார்த்திருந்தேன். ஹால் வாசலில் அவளோடு மாப்பிள்ளையும் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். அக்காவே போன் செய்து, தங்கச்சி காலேஜில் கண்காட்சி, வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நல்ல மாதிரியான மனிதர். ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். தொங்கும் வளையல்களுக்குக் கீழே வெகுநேரம் நின்றார். நீலக் காகிதத்தைப் பார்த்து, "இந்தச் சாயம் சீக்கிரம் போகாதுங்க" என்று அந்தப் பையனிடம் சொன்னார். பிறகு என் வரிசைக்கு வந்தோம். அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்தார்.  ஸ்னாப் பட்டன் என்ற அட்டைக்கு முன்னால் அவர் நின்றார். அக்கா துப்பட்டாவிலிருந்து கையை எடுத்து, வார்ப்புக்குப் பக்கத்தில் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"இது என்றதுங்க" என்றாள்.

அவர் திடுக்கிடவில்லை. இரண்டு கைகளையும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"தெரியுமுங்க" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். "தெரியுமா?"

"தரகர் அம்மா அன்னைக்கே சொன்னாங்க. உங்க அம்மா சொல்லச் சொல்லியிருந்தாங்களாட்ட. எங்க ஊட்ல எல்லாத்துக்கும் தெரியும்."

அப்படியென்றால் அம்மா பொய் சொல்லவில்லை. எனக்கு ஒரு நொடி உடம்பே லேசானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"தெரிஞ்சுமா, இத்தன நாளு போன்ல பேசறப்ப என்ன ஆச்சுன்னு ஒருநாக்கூடக் கேக்கல?"

"கேட்டா உங்களுக்கு வெசனமா இருக்குமேன்னுதானுங்க."

அவர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் வார்ப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"கையப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லீங்க. சத்தியமா ஒண்ணுமில்ல. ஆனா இத மட்டும் எடுத்துரச் சொல்லுங்க."

"ஏனுங்க?"

"எங்க ஒறம்பரைல பாதிப்பேரு இங்கதான் கம்பெனி கம்பெனியா இருக்காங்க. நாளைக்கு யாராச்சும் பாத்தா நல்லா இருக்காதுங்க."

"கல்யாணத்தன்னைக்கு அவங்கெல்லாம் வருவாங்கல்லங்க? அன்னைக்குப் பாப்பாங்கல்ல?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, அக்காவுக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார்: "அதுக்கு எங்க அம்மா யோசிச்சு வெச்சிருக்காங்க. வரவேற்புல எல்லாரும் பூச்செண்டு புடிச்சுக்கறாங்கல்ல, அந்த மாதர பெரிசா ஒண்ணு சொல்லிக்கலாம்னாங்க. தெரியவே தெரியாதுங்க."

 நான் அக்காவின் தோளைத் தொட்டேன். அவள் மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இத எடுத்துட்டுப் போயி எங்கீங்க வெக்கறது?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவரிடம் ஒரு பதில் இருக்குமோ என்று கேட்பதுபோல் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. "ஊட்லயே வெச்சுக்கலாமுங்க" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அதன்பிறகு நாங்கள் மூவரும் கேன்டீனுக்குப் போய் எலுமிச்சை ஜூஸ் குடித்தோம். அவர் எங்களைக் காசு கொடுக்க விடவில்லை. மழை பெய்யவே மாட்டேன் என்கிறது என்று பேசினோம். கிளம்பும்போது வண்டியில் ஏறி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கி, "நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்களே?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், இந்த இடம் வேண்டாம் என்றாள்.

அம்மா முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அழுதாள். "அந்தப் பையன் என்ன சாமி தப்புப் பண்ணுனான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமே பண்ணலம்மா."

"பின்ன என்ன?"

"எல்லாரும் சேந்து மூடி வெச்சிருக்கீங்க. உனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியல, எல்லாத்துக்கும் தெரியும்னு. காலம் பூரா இப்படியே பூச்செண்டு புடிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

"உன்ற நல்லதுக்குத்தான் அம்மிணி." அம்மாவின் குரல் உடைந்தது. "நான்தான உன்னக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த மிஷின்ல உக்கார வெச்சேன். அதப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அதுதான் தெரியுது."

இத்தனை வருஷத்தில் அம்மா அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் ஏதோ பாத்திரத்தைக் கழுவினேன். அக்காவின் மனம் மாறும் என்று எனக்குத் தோன்றியது. மாறவில்லை.

அவிநாசிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும் வேலை அப்பாவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவருக்கு மோர் கொடுத்திருக்கிறார். என்ன குறை என்று கேட்டிருக்கிறார். அப்பா "புள்ளைக்கு இப்பத்திக்குக் கல்யாணம் வேண்டாமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் வேனைத் துடைக்க ஆரம்பித்து இருட்டும்வரை துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் அது எப்படி எப்படியோ பேசப்பட்டது. பெண்ணுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்றார்கள். தங்கச்சி காலேஜ் படித்துக் குட்டிச்சுவராக்கிவிட்டாள் என்றும் சொன்னார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போட்டு வைப்பாள், தட்டை நகர்த்துவாள், பேச மாட்டாள்.

இதற்கிடையே கண்காட்சியின் கடைசி நாளில் நான் செய்ததற்குப் பாராட்டு கிடைத்தது. ஆசிரியை என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். பார்க்க வந்திருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் டிசைன் பிரிவுத் தலைவி, படிப்பு முடிந்ததும் தங்களிடம் வந்து சேரும்படி சொன்னார். "அந்த விரல் இல்லாத கைதான் மொத்த வரிசையையும் தூக்கி நிறுத்துது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.  நான் இன்று பார்க்கும் வேலை அதுதான். குளிரூட்டிய அறை, கணினி, குழந்தைகள் உடைக்கான வரைபடங்கள். எங்கே பட்டன் வர வேண்டும் என்று சில நாட்கள் நான்தான் புள்ளி வைக்கிறேன். அப்போது ஸ்னாப் பட்டனுக்குப் பதிலாக வேறு ஏதாவது வைக்க முடியுமா என்று யோசிப்பேன். சில நேரம் முடியும். பல நேரம், வாங்குபவர்கள் அதுதான் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள், காதர்பேட்டையில் அப்பாவுக்குப் பனியன் வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் நடந்து வந்துகொண்டிருந்தோம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒரு கடை ஓரமாக நின்றபோது, வெகுநாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"என்னாலதான் உன்ற கல்யாணம் நின்னுபோச்சு."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"இங்க பாரு புள்ள. என்ற கைய எடுத்துக்கிட்ட, சரி, நான்தான் குடுத்தேன். என்ற முடிவையும் நீ எடுத்துக்காத. அது என்றது."

"வருத்தமா இல்லியா?"

"இருக்குது. யாரு இல்லீன்னா? நல்ல மனுசன் அவரு." மூட்டைகள் கடந்து போனதும் நடக்கத் தொடங்கினாள். "சில நாளு, பேசாம கட்டிட்டுப் போயிருக்கலாமோன்னு தோணும். சில நாளு தோணாது. கேட்டுக்கிட்டே இருக்காத."

நான் அதன்பிறகு கேட்கவில்லை.

அந்த அவிநாசி மாப்பிள்ளைக்கு அடுத்த ஆண்டே கல்யாணம் ஆகிவிட்டது என்று தரகர் அம்மா சொன்னார். அம்மா என்னோடு பேச ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. உப்பு போதுமா என்று கேட்டாள், நான் போதும் என்றேன், அப்படியே பழையபடி ஆகிவிட்டது. ஆனால் முழுக்கப் பழையபடி இல்லை. அக்கா இப்போது அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர். புதிதாக வரும் பெண்களை மிஷினில் உட்கார வைப்பதற்கு முன்னால், விரல் மாட்டாதபடி மேலே இருக்க வேண்டிய தடுப்பு இருக்கிறதா என்று தன் பிரிவு இல்லாவிட்டாலும் போய்ப் பார்க்கிறாளாம். அதனால் அங்கே சிலருக்கு அவளைப் பிடிப்பதில்லை. உற்பத்தி குறைகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள்.

அம்மா இன்னும் இடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஜாதகத்தைக் கொடுக்கும்போதே, "புள்ளைக்கு மிஷின்ல அடிபட்டு எடது கைல வெரல் இல்லீங்க" என்று முதலில் சொல்லிவிடுகிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இன்னும் ஒருமாதிரி ஆகிவிடுகிறது. சிலர் திரும்பக் கூப்பிடுவதில்லை. போன வாரம் காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லியிருந்தது. அம்மா வீட்டைக் கழுவி, பலகாரம் செய்து வைத்தாள். அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம்வரை காத்திருந்தோம். அவர்கள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அக்கா சேலையை மாற்றிக்கொண்டு வந்து, பலகாரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மீதியை எங்கள் நான்கு பேருக்கும் தட்டில் போட்டாள்.